வீடுகளில் வளர்ந்த சபை: சியோல் யோயிடோ முழுச் சுவிசேஷ சபையின் தோற்றமும் வளர்ச்சியும்

சமய அமைப்புகளின் வரலாற்றை எழுதுவோர் நிறுவியவரின் பெயரை முதலில் நிறுத்தி, ஏனையோரை அவருடைய நிழலில் அமர்த்துவது வழக்கம். தென்கொரியத் தலைநகராகிய சியோலில், ஹான் ஆற்றின் நடுவே அமைந்த யோயிடோ என்னும் தீவில் நிற்கும் முழுச் சுவிசேஷ சபையின் வரலாறும் அவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. உலகிலேயே மிகுதியான உறுப்பினரைக் கொண்ட பெந்தெகொஸ்தே சபை என்று இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இது பேசப்பட்டது. 1992-ஆம் ஆண்டளவில் ஏழு இலட்சம் பேர் தன் பதிவேட்டில் இருப்பதாகச் சபை அறிவித்தது. இத்துணைப் பேரையும் திரட்டியவர் யாங்கி சோ என்னும் போதகர் என்பதே நூல்கள் தரும் விடை. அவ்விடை பொய்யன்று, முழுமையானதும் அன்று. ஒரு பெண்ணின் வீட்டில் பிறந்து, பின்னர் ஆயிரக்கணக்கான பெண்களின் வீடுகளில் வளர்ந்த சபை இது. அப்பெண்கள் பேசத் தொடங்கிய கதையாகவும் இச்சபையின் வரலாற்றைப் படிக்க இயலும்.

இக்கதையின் வேர் எழுத்தில் இருக்கிறது. கொரிய மன்னர் செஜோங் 1443-இல் உருவாக்கி 1446-இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்துமுறை, ஒலிக்கும் வடிவுக்கும் உள்ள பொருத்தத்தால் மொழியறிஞர் அனைவரும் வியப்பது. ஆயின் சீன எழுத்தில் பயின்ற கொரிய மேன்மக்கள் அதனை நானூறு ஆண்டுகள் மதிக்கவில்லை. அதற்குப் 'பெண்களின் எழுத்து' என்றொரு இகழ்ச்சிப் பெயரே வழங்கியது. ஸ்காத்துலாந்துப் பாதிரியார் ஜான் ராஸ் என்பவர் மஞ்சூரியாவில் இருந்தபடி, கொரிய நண்பர்களின் துணையோடு லூக்கா சுவிசேஷத்தை 1882-இலும் புதிய ஏற்பாடு முழுவதையும் 1887-இலும் வெளியிட்டபோது, அவர் தேர்ந்துகொண்டது இகழப்பட்ட அந்த எழுத்தையே. கடவுளைக் குறிக்கச் சீனச் சொல்லை விடுத்து, வானத்துத் தலைவன் என்னும் பொருள்பட மக்கள் வழங்கிவந்த நாட்டுச் சொல்லே சீர்திருத்தச் சபையாரிடம் நிலைத்தது. (தமிழ் வேதாகமத்தில் சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று சொல் மாறிவந்ததையும், ஒவ்வொரு மாற்றத்திற்கும் நிகழ்ந்த பூசலையும் அறிந்தோர்க்கு இதன் அருமை புலப்படும்.) புத்தகத்தைச் சுமந்து ஊர் ஊராக நடந்தவர்களுள் பெண்கள் பலர். திருநெல்வேலிச் சீமையில் 'பைபிள் உமன்' என்று வழங்கப்பெற்றவர்களைப் போன்றவர்கள் இவர்கள். அந்தப்புரக் கதவுகள் ஆடவருக்குத் திறவா, இவர்களுக்குத் திறந்தன. உள்ளே சென்றவர்கள் சுவிசேஷத்தோடு எழுத்தையும் கற்பித்தனர். கொரியப் பெண்ணுக்குக் கல்வியும் கிறித்தவமும் ஒரே கையால் வந்து சேர்ந்தன எனலாம்.

அடுத்தது குரல். வேல்ஸ் நாட்டிலும் இந்தியாவிலும் நிகழ்ந்த எழுப்புதல்களைப் பற்றிய செய்தியை, 1906-இல் சியோலுக்கு வந்த ஹோவர்டு ஆக்னியு ஜான்ஸ்டன் என்பவர் அங்கிருந்த மிஷனரிமாருக்கு எடுத்துரைத்தார். மறு ஆண்டு சனவரியில் பியாங்யாங் நகரில் பெரும் எழுப்புதல் எழுந்தது. கூடியிருந்தோர் அனைவரும் ஒரே நேரத்தில் உரத்த குரலில், அவரவர் சொற்களில் மன்றாடும் வழக்கம் அந்நாள்களில்தான் வேரூன்றியது. விடியற்கருக்கலில் கூடிச் செபிக்கும் வழக்கமும் அக்காலத்ததே. பொது இடத்தில் வாய்திறவாதிருத்தலே பெண்ணுக்கு அணி என்று கன்பூசிய நெறி வகுத்திருந்த நாடு அது. ஆயிரம் குரல்களுக்கு நடுவே தன் குரலையும் உயர்த்தி அழுவதற்கு ஒரு பெண்ணுக்குக் கிடைத்த உரிமையைச் சிறிதென்று எண்ணுதல் தவறு.

பெந்தெகொஸ்தே கொள்கையைக் கொரியாவுக்குக் கொணர்ந்தவரும் ஒரு பெண்ணே. மேரி ரம்சி என்னும் அமெரிக்க அம்மையார் 1928-இல் தனியொருவராக வந்து, கொரிய உடன் ஊழியர்களைச் சேர்த்துக்கொண்டு 1930-களின் தொடக்கத்தில் சியோலில் முதற் பெந்தெகொஸ்தே சபையை நிறுவினார். தமிழ்க் கிறித்தவர் 'அந்நிய பாஷை' என்று குறிப்பதைக் கொரியர் 'பாங்கொன்' என்கின்றனர். அச்சொல்லுக்கு அம்மொழியில் வட்டார வழக்கு என்பதே பொதுப் பொருள். விண்ணுலக மொழியைக் குறிக்க, நாட்டுப்புறத்தான் பேச்சைக் குறிக்கும் சொல்லே பயன்பட்டிருக்கிறது. கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க பொருத்தம் இது.

இரண்டாம் உலகப்போரின் முடிவில் நாடு இரண்டாகப் பிளந்தது. 1950 முதல் 1953 வரை நடந்த போர் ஊர்களைச் சாம்பலாக்கியது. அச்சாம்பலில் இருந்து இருவர் வருகின்றனர். ஒருவர் சோய் ஜாசில் அம்மையார். வடபகுதியாகிய ஹ்வாங்ஹே மாநிலத்தில் 1915-இல் பிறந்தவர், செவிலியராகப் பயின்றவர், தெற்கே வந்து தொழில் நடத்தி நொடித்தவர், தாயையும் மூத்த மகளையும் அடுத்தடுத்து இழந்தவர். வாழ்வை வெறுத்த நிலையில் மலைப்புறத்தில் நடந்த எழுப்புதல் கூட்டமொன்றில் மனந்திரும்பினார். மற்றவர் யாங்கி சோ. தென்கிழக்கே 1936-இல் பௌத்தக் குடும்பத்தில் பிறந்தவர். பதின்பருவத்திலேயே காசநோயால் படுக்கையில் வீழ்ந்தவர். அந்நாளில் மாணவியொருத்தி நாடோறும் வந்து அவரிடம் இயேசுவைப் பற்றிப் பேசி, தன் வேதாகமத்தையும் கொடுத்துச் சென்றாள் என்பதைப் பிற்காலத்தில் அவரே பலமுறை எடுத்துரைத்தார்.

1956-இல் சியோலில் இருந்த முழுச் சுவிசேஷ வேதாகமப் பள்ளியில் இருவரும் மாணவராயினர். அம்மையாருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது, இளைஞருக்கு இருபது. இளைஞர் நோயுற்றபோது செவிலியர் கை அவரைத் தேற்றியது. அன்று தொடங்கிய தாய்–மகன் உறவு, 1965-இல் அம்மையாரின் மகளை அவர் மணந்தபோது குடும்ப உறவாகவும் ஆயிற்று.

1958 மே மாதத்தில், நகரின் வடமேற்கு ஓரத்து ஏழைப் புறநகராகிய தேஜோ-தோங்கில், ஜாசில் அம்மையாரின் வீட்டில் முதல் ஆராதனை நடந்தது. போதகர் இருவர், அம்மையாரின் பிள்ளைகள் மூவர், மழைக்கு ஒதுங்கிய மூதாட்டி ஒருவர் – சபை அவ்வளவே. சில மாதங்களில் அறை போதாமற்போகவே, அமெரிக்கப் படையினர் பயன்படுத்திய பழைய கூடாரமொன்று முற்றத்தில் எழுந்தது. கூடாரத்துக்கு வந்தோர் போரில் கணவனை இழந்தவர், கூலிக்கு அலைவோர், குடிகாரர், நோயாளர். அம்மையார் வீடு வீடாகச் சென்று நோயாளிகளின் அருகே அமர்ந்து உபவாசித்துச் செபித்தார். இளைஞரோ பிரசங்கித்தார். நரகத்தின் கொடுமையைத் தாம் விரித்துரைத்தபோது, பத்துப் பிள்ளைகளோடும் குடிகாரக் கணவனோடும் உழன்ற பெண்ணொருத்தி தான் ஏற்கெனவே அங்கேதான் இருப்பதாகச் சொன்னாள் என்று சோ நினைவுகூர்ந்துள்ளார். இது வெறுங் கதையாகவே இருப்பினும், அவருடைய போதனை திரும்பிய திசையை இது சரியாகவே காட்டுகிறது. ஆத்துமா வாழ்வதுபோல உடலும் வாழ்வும் நலம் பெறவேண்டும் என்ற யோவானின் மூன்றாம் நிருப வாக்கியம், 'மூவகை ஆசீர்வாதம்' என்னும் பெயரில் சபையின் அடிக்கல்லாயிற்று. வறியவனுக்கு அது நம்பிக்கை. வளம் வந்தபின் அதுவே வேறொன்றாகும் என்பதைப் பிற்கால நிகழ்ச்சிகள் உணர்த்தின.

1961-இல் உறுப்பினர் ஏறத்தாழ ஆயிரவர். நகரின் மேற்கு வாயிற் பகுதியாகிய சொதேமுனுக்குச் சபை இடம்பெயர்ந்தது. 1964-இல் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது. பிரசங்கம், ஞானஸ்நானம், மொழிபெயர்ப்பு, நோயாளிகளைப் பார்த்தல் எல்லாவற்றையும் தாமே செய்ய முயன்ற சோ, ஒரு ஞாயிறன்று மேடையிலேயே மயங்கி வீழ்ந்தார். இந்த வீழ்ச்சியே சபையின் எழுச்சிக்குக் காரணமாயிற்று.

படுக்கையில் கிடந்தவர் வேதாகமத்தைப் புரட்டினார். பாரத்தைப் பலர்மேல் பகிர்ந்து வைக்குமாறு மோசேக்கு மாமன் எத்திரோ சொன்ன அறிவுரையும், ஆதிச் சபையார் வீடுகள்தோறும் அப்பம் பிட்டனர் என்ற அப்போஸ்தலர் நடபடிகளின் செய்தியும் அவர் நெஞ்சில் தைத்தன. நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்து, வீட்டுக் குழுக்களை அமைத்து, ஒவ்வொன்றையும் சபையார் ஒருவரிடம் ஒப்படைப்பது அவர் கண்ட வழி. இத்தகைய பகுதிக் குழுக்கள் கொரியச் சபைகளுக்குப் புதியவையல்ல; மெதடிஸ்டாரும் பிரஸ்பித்தேரியாரும் அவற்றை நடத்தி வந்தனர். புதுமை வேறிடத்தில் இருந்தது. சோ முதலில் அணுகியது உதவிக்காரர்களாகிய ஆடவரை. தங்களுக்குப் பயிற்சி இல்லை, அலுவலுக்குப் பின் நேரமும் இல்லை, அவ்வேலைக்குத்தானே போதகருக்குச் சம்பளம் என்ற கருத்தில் அவர்கள் மறுத்துவிட்டனர். பெண்கள் ஒப்பினர்.

பெண் ஒருத்தி ஆடவருக்கு வேதம் சொல்வதை அன்றைய கொரியச் சமுதாயம் பொறுப்பதாக இல்லை. கணவன்மார் கொதித்தனர். போதகரின் அதிகாரத்தின்கீழ்ப் பேசுகிறாள் என்பதற்கு அடையாளமாகக் குழுத் தலைவிகள் தலையில் தொப்பி அணியும்படி சோ ஏற்பாடு செய்தார். பவுல் கொரிந்தியருக்கு எழுதியதன்மீது கட்டிய சமாதானம் அது. இன்றைய பெண்ணியப் பார்வைக்கு அத்தொப்பி உறுத்தும், உறுத்த வேண்டியதே. எனினும், அந்தத் தொப்பியின் கீழிருந்துதான் அதுவரை மாமியார் முன்னும் வாய்திறவாத மருமகள் பத்துப் பதினைந்து குடும்பத்தாருக்கு எதிரே நின்று பேசினாள். ஆடவர் தலைமைக்கு ஒரு காணிக்கையைச் செலுத்திவிட்டுப் பெண் பெற்றுக்கொண்ட இடம் அது. பெண்ணெழுத்தின் வரலாற்றை அறிந்தவர்கள் இத்தகைய பேரங்களை வேறிடங்களிலும் கண்டிருப்பர்.

முதலில் குழப்பமே மிஞ்சியது. கூட்டம் நடந்த வீடுகளில் விருந்தோம்பல் போட்டியாக மாறியது. முன்வாரத்தாளை விஞ்ச வேண்டுமென்று ஒவ்வொருத்தியும் பதார்த்தங்களைப் பெருக்க, வறியவள் தன் முறை வருவதற்கே அஞ்சினாள். சில குழுக்களில் கடன் கொடுக்கல் வாங்கலும் நுழைந்தது. இவற்றையெல்லாம் சோ தம் நூலில் மறைக்காமல் எழுதியிருப்பது அவருக்குப் பெருமையே. விதிகள் வகுக்கப்பட்டன: கூட்ட நேரம் அளவானது, உணவு எளியது, பாடம் எழுத்து வடிவில் சபையிலிருந்து வரும், குழு பெருகினால் இரண்டாகப் பிரியும்.

இந்த அமைப்பு ஏன் தழைத்தது என்பதற்கு இறையியலில் மட்டும் விடை தேடினால் போதாது. 1960-இல் ஏறத்தாழ 25 இலட்சமாக இருந்த சியோலின் மக்கள்தொகை 1970-இல் 55 இலட்சமாயிற்று. 1980-இல் 80 இலட்சத்தைக் கடந்தது. கிராமத்தை விட்டு வந்தவர்களுக்குச் சுற்றம் இல்லை, கிணற்றடி இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தபோது எதிர்வீட்டார் பெயரும் தெரியாத தனிமை பெண்ணைச் சூழ்ந்தது. தலைவி ஒருத்தி குடியிருப்பின் மின்தூக்கியில் மேலும் கீழும் சென்றுகொண்டேயிருந்து, குழந்தையோடும் கடைச்சாமான்களோடும் வருவோருக்குக் கைகொடுத்து அறிமுகம் பெற்று, அவர்களைத் தன் வீட்டுக் கூட்டத்துக்கு அழைத்தாள் என்றொரு செய்தி சோவின் நூலில் வருகிறது. அக்குழுக்களில் பிரசவத்துக்கு உதவினர். இழவுக்கு வந்து நின்றனர். வேலையற்றவனுக்கு வேலை விசாரித்தனர். ஊர் என்பதைத் தொலைத்தவர்கள் மூன்றாவது மாடியில் அதனை மீண்டும் கட்டிக்கொண்டனர்.

சொதேமுன் கட்டடமும் போதாமற்போயிற்று. 1969-இல் யோயிடோவில் கட்டுமானம் தொடங்கியது. அப்போது அத்தீவு பழைய விமானத்தளமும் மணலுமாகக் கிடந்த வெளி. நாட்டு நாணயத்தின் மதிப்பு வீழ்ந்து, விலைகள் ஏறி, வேலை இடையில் நின்றது. ஏழை மூதாட்டி ஒருத்தி தன்னிடமிருந்த சோற்றுக் கிண்ணத்தையும் உணவுக்குச்சிகளையும் காணிக்கையாகக் கொண்டுவந்தாள் என்றும், அதைக் கண்டு சபையே உருகி வீட்டையும் நகையையும் விற்றுக் கொடுத்தது என்றும் சோ சொல்வதுண்டு. விதவையின் இரண்டு காசைப் போல அக்கதையும் சபையின் புராணத்தில் சேர்ந்துவிட்டது. அதே காலத்தில் ஜாசில் அம்மையார், நகருக்கு வடக்கே பாஜு பகுதியில் சபைக் கல்லறைக்கென வாங்கிய நிலத்துக்குச் சென்று உபவாசம் இருந்தார். ஓசான்ரி என்னும் அவ்விடம் 1973-இல் உபவாச செபமலை ஆயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில், உலகப் பெந்தெகொஸ்தே மாநாடு சியோலில் கூடிய நாள்களில், யோயிடோ ஆலயமும் பிரதிஷ்டை செய்யப்பெற்றது.

பின்னர் ஏற்பட்ட வளர்ச்சியை விரித்துரைக்கத் தேவையில்லை. 1980-களின் தொடக்கத்தில் இரண்டு இலட்சம். 12,000 பேர் அமரும் மண்டபத்தில் ஞாயிறுதோறும் ஏழு ஆராதனைகள். அயல்நாட்டார்க்கு உடனுக்குடன் மொழிபெயர்ப்பு. 1984-இல் யோயிடோ முழுச் சுவிசேஷ சபை என்ற பெயர் நிலைத்தது. 1988-இல் 'குக்மின் இல்போ' என்னும் நாளிதழையே சபை தொடங்கியது.

விரித்துரைக்க வேண்டியது வேறொன்று. சபை வளர்ந்த அதே ஆண்டுகள் பார்க் சுங்-ஹீயின் கொடுங்கோல் ஆண்டுகள். 1970 நவம்பரில், தையற் பட்டறைகளில் காற்றும் ஒளியும் இன்றி உழைத்த இளம்பெண்களுக்காகச் சட்டம் கேட்டுச் சோன் தே-இல் என்ற தொழிலாளி அதே சியோலில் தன்னைத் தீக்கிரையாக்கிக் கொண்டான். அதே ஆண்டில் அதிகாரத்தை எள்ளி 'ஐந்து கொள்ளையர்' என்ற கவிதையை எழுதிய கிம் சி-ஹா சிறைப்பட்டார். 1974-இல் அவருக்கு மரண தண்டனையே விதிக்கப்பட்டு, பின் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 'மின்ஜுங்' எனப்படும் வெகுமக்கள் இறையியலார் பல்கலைக்கழகப் பதவிகளை இழந்தனர். யோயிடோ மேடையோ ஆட்சியை எதிர்த்துப் பேசவில்லை. துன்பத்தை ஆற்றிய சபை, துன்பத்தின் காரணத்தைக் கேட்கவில்லை என்னும் குற்றச்சாட்டு வலிமையானது. அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும், அந்தப் பட்டறைகளிலிருந்து இரவில் திரும்பிய பெண்களுள் எத்தனையோ பேர் ஏழைகளுக்காக எழுதப்பட்ட இறையியலை நாடாமல், சத்தமாக அழ இடம்தந்த பெந்தெகொஸ்தே கூட்டங்களை நாடினர் என்பதும் வரலாறே. கொரியர் 'ஹான்' என்று குறிக்கும் நெடுநாள் நெஞ்சாற்றாமைக்குக் கவிஞர் ஒரு வடிவம் தந்தார். ஓசான்ரி குகையில் முழந்தாளிட்ட பெண் மற்றொரு வடிவம் தந்தாள். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கும் திறனாய்வு இன்னும் போதிய அளவில் எழுதப்படவில்லை.

பிற சபையாரின் எதிர்ப்பும் இருந்தது. முன்னோர் வழிபாடு பற்றிய சோவின் கருத்து முதலியவற்றை முன்னிட்டு, பிரஸ்பித்தேரியப் பெரும்பிரிவு ஒன்று 1983-இல் அவர் போதனையை ஐயத்துக்குரியதெனத் தீர்மானித்து, 1994-இல் அத்தீர்மானத்தை நீக்கிக்கொண்டது. அதற்குள், அவரைக் குறைகூறிய சபைகள் பலவும் உரத்த செபத்தையும் அவருடைய வீட்டுக் குழு முறையையும் தாமே கைக்கொண்டிருந்தன.

பெண்களுக்குக் கிடைத்தது என்ன? குழுக்களை நடத்தியவர்கள் பெண்கள். மூப்பர் குழுவில் முடிவெடுத்தவர்கள் ஆடவர். சபையை உடன்நிறுவிய ஜாசில் அம்மையாருக்கே போதகராக அபிஷேகம் பெறச் சொந்த நாட்டில் வழியில்லை. 1972-இல் ஜப்பான் நாட்டு அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையாரே அவரை அபிஷேகம் செய்தனர். கொரிய அமைப்பு பெண்களுக்கு அக்கதவைத் திறந்தது 1990-களில். அம்மையார் 1989-இலேயே, ஊழியத்தின் பொருட்டு அமெரிக்காவுக்குச் சென்றிருந்தபோது, மறைந்துவிட்டார்.

பேரரசாக வளர்ந்த அமைப்பில் குடும்ப ஆட்சியும் பணமும் நுழைந்தன. சோ 2008-இல் தலைமைப் பொறுப்பை லீ யங்-ஹூனிடம் ஒப்படைத்தார். சபையின் மூப்பர் சிலரே அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் எதிராகக் குற்றஞ்சாட்ட முன்வந்தனர். மூத்த மகனுக்குரிய நிறுவனப் பங்குகளைச் சந்தை விலையினும் பன்மடங்கு கொடுத்துச் சபைப் பணத்தில் வாங்கச் செய்தார், இதனால் சபைக்கு 1,300 கோடி வொன் இழப்பு நேர்ந்தது என்ற வழக்கில், 2014 பிப்ரவரியில் சியோல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் கண்டு, நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் அபராதமும் விதித்தது. சோற்றுக் கிண்ணத்தைக் கொண்டுவந்த மூதாட்டியின் கதையைச் சொன்னவர் வாழ்வில் இத்தீர்ப்பும் எழுதப்பட்டது. 2021 செப்டம்பர் 14-ஆம் நாள் அவர் காலமானார். அவர் துணைவியார் அதே ஆண்டின் தொடக்கத்தில் மறைந்திருந்தார். அவர் பெயரால் பியாங்யாங்கில் 2007-இல் தொடங்கிய இருதய மருத்துவமனை, இரு கொரியாக்களின் பகைமையால் இடையில் நின்றுபோயிற்று.

புதிய தலைமையின்கீழ், நகரிலும் சுற்றிலும் இருந்த இருபதளவான கிளைச் சபைகள் தனித்தியங்கும் சபைகளாகப் பிரித்துவிடப்பட்டன. தாய்ச் சபையின் பதிவேடு அதனால் பெரிதும் குறைந்தது. பெரிய குழு இரண்டாகப் பிரியவேண்டும் என்று 1960-களில் வீடுகளுக்கு வகுத்த விதி, நாற்பது ஆண்டுகள் கழித்துச் சபைக்கே வந்தது எனலாம்.

ஓசான்ரி மலைச் சரிவில் ஒருவர் மட்டும் முழந்தாளிட இடமுள்ள சிறு செபக்குகைகள் வரிசையாக இருக்கின்றன. உபவாசத்துக்கு வருவோர் உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டு உரக்க மன்றாடுகின்றனர். அவ்விடத்தின் பெயர்ப்பலகையில் சோய் ஜாசில் நினைவு உபவாச செபமலை என்று, ஒருகாலத்தில் பெண்களுக்கு மட்டுமே உரியதென்று ஒதுக்கப்பட்டிருந்த அந்த ஹங்குல் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது.